பிரேக்கில் ஊற்றிய ஆமணக்கெண்ணெய்

போன மாதம் அருப்புக்கோட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் லோடு ஆட்டோவை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம் வருகிறதாம். தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்களாம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார் மெக்கானிக்.

"அதெல்லாம் எதுக்குண்ணே? லேசா எண்ணெயக் கிண்ணெய விட்டு சத்தத்த மட்டும் நிப்பாட்டி விடுங்க, போதும்" என்றார் கார்க்காரர்.

நான் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிறவன் இல்லை. டீக்கடையில் சீனி போடாமல் கொடுத்தால்கூட அப்படியே குடித்துவிட்டு வந்துவிடுவேன். அன்று கத்திவிட்டேன். "ஊத்துய்யா, நல்லா ஊத்து. பொண்டாட்டி பிள்ளைகள ஏத்திக்கிட்டு ஒரேயடியாப் போயிச் சேரு" என்று கத்தினேன். ஒர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது. காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று அவர் நினைத்திருப்பார். வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றுகொண்டேன்.

அந்த மனிதர் மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றுமில்லை. அது சின்ன வயதில் வந்த கோபம். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இத்தனை வருடமாக என்னோடேயே வந்துகொண்டிருக்கிறது.

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். நடுவில் ஒரு கண்மாய். அதன் கரை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால்தான் பெரிய சாலையைப் பிடிக்கலாம். தண்ணீர் என்று பார்த்தால் அந்தக் கண்மாயில் வருடத்தில் பாதி நாள்கூடக் கிடக்காது. கரை மட்டும் மலை மாதிரி நிற்கும்.

எங்கள் அப்பாவை அய்யா என்றும், அவருடைய அண்ணனைப் பெரியய்யா என்றும் நாங்கள் கூப்பிடுவோம். எங்கள் வீடும் அவர் வீடும் அடுத்தடுத்து. கரிசல் காடு பாகம் பிரிக்காமல் கிடந்தது. எதை விதைப்பது, எப்போது அறுப்பது, யாருக்குக் கல்யாணம், யாருக்கு எந்த ஊர் என்று எல்லாமே அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். மழை பெய்தால்கூடத் தன்னிடம் உத்தரவு கேட்டுவிட்டுப் பெய்வதுபோல வாசலில் நின்று பார்ப்பார்.

அவர் விருதுநகரில் ஒரு பருத்தி வியாபாரியிடமிருந்து பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். சுற்று வட்டாரத்தில் அதுதான் முதல் கார். அவருக்கு ஓட்டத் தெரியாது. அய்யா இளவட்டமாக இருந்தபோது லாரியில் கிளீனராகப் போனவர். அங்கேயே ஓட்டவும் கற்றுக்கொண்டவர். அதனால் கார் ஓட்டுகிறவர் அய்யா ஆனார். கார்க்காரர் என்று ஊர் கூப்பிட்டது பெரியய்யாவை. ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு முன்சீட்டில் அவர் உட்கார்ந்து வருவதைப் பார்த்தால், காரே அவருடைய முழங்கையில்தான் ஓடுகிறது என்று தோன்றும்.

அந்தக் காரின் பிரேக்கில் சத்தம் வருவதை முதலில் கேட்டவர் அய்யாதான். ஆரம்பத்தில் மெல்லிய கீச்சுச் சத்தம். காலையில் எடுத்ததும் வரும். கொஞ்ச தூரம் ஓடினால் நின்றுவிடும். அது புழுதி என்று அய்யாவே விட்டுவிட்டார். தை பிறந்த பிறகு சத்தம் மாறியது. கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போது, அடிப்பிடித்த சட்டியை இரும்புக் கரண்டியால் சுரண்டுவதுபோலக் கறக் கறக் என்று கேட்டது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் நின்றது. மிதித்தால் மறுபடியும் வந்தது.

அய்யா அதை விடவில்லை. அப்போது நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் என்னையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டினார். ஜன்னலைத் திறந்துவிட்டு, லேசாகப் பிரேக்கை மிதித்து, சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபக்கத்தைச் சுவருக்குக் காட்டினார். வலது பக்கம் சுவரைப் பார்த்தபோதுதான் சத்தம் பெரிதாகக் கேட்டது. இறங்கி, விரலைத் தண்ணீரில் நனைத்து வலது முன் சக்கரத்தின் மேல் ஒரு சொட்டு விட்டார். தண்ணீர் சுர்ரென்று காய்ந்தது. மற்ற சக்கரங்களில் அப்படிக் காயவில்லை.

"உள்ள பிரேக் ஷூல ஒட்டிருக்கிற பட்டை தேஞ்சு போச்சு. அதுக்குப் பேரு லைனிங்கு. இப்ப பட்டைய வச்சு அடிச்ச ஆணிதான் இரும்ப உரசுது" என்றார். சொல்லும்போது அவர் முகம் பெரிய மனிதனுடைய முகம் மாதிரி இருந்தது. அந்த முகத்தை நான் பெரியய்யா இல்லாத இடங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

பெரியய்யாவிடம் போனதும் அதே வாய் வேறு மாதிரி பேசியது.

"அண்ணே, முன் சக்கரத்துல லேசாச் சத்தம் வருது. டவுனுக்குக் கொண்டுபோயிக் காட்டிட்டு வரட்டுமாண்ணே?"

"வாங்கி ஒரு வருசம் ஆகல. அதுக்குள்ள வண்டிக்கு என்ன வந்துச்சு? நீ மிதிக்கிற மிதி சரியில்லலே. மெதுவா மிதி."

அவ்வளவுதான். சத்தத்துக்குக் காரணம் அய்யாவின் கால் என்று முடிவாகிவிட்டது. அய்யாவும் அதற்குப் பிறகு பாம்பை மிதிக்கப் பயந்தவர் மாதிரி பிரேக்கை மிதித்தார்.

அந்தத் தை மாதத்தில்தான் அக்காவுக்குப் பரிசம் போட்டார்கள். மாப்பிள்ளை பாலவனத்தத்துக்காரர், ஒரு மில்லில் வேலை. அக்காவிடம் யாரும் பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை. ஆனால் அவளுக்குப் பிடித்திருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும். "அவுக சிரிச்சா ரெண்டு கண்ணும் காணாமப் போயிருதுடா" என்று ஆட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் காதைப் பிடித்துத் திருகினாள்.

பரிசத்தன்று மாப்பிள்ளை வீட்டாரைக் காரில் கூட்டிவர வேண்டும் என்பது பெரியய்யாவின் ஏற்பாடு. கார் எங்கள் தெருவுக்குள் வந்து, கூடி நின்ற சனத்தின் முன்னால் பிரேக் பிடித்தது. பிடித்த பிடியில் தெருநாய்கள் எல்லாம் ஊளையிட ஆரம்பித்துவிட்டன. உள்ளேயிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் தாய்மாமன், காதைக் குடைந்துகொண்டே, "என்ன சம்பந்தி, டிக்கிக்குள்ள பன்னிக்குட்டி எதையும் போட்டுக் கொண்டாந்துட்டீகளா?" என்றார். தெருவே சிரித்தது. பெரியய்யாவும் சிரித்தார். அவர் காது மட்டும் சிவந்து போயிருந்தது.

மாசியில் முகூர்த்தப் பட்டு எடுக்க நாள் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் ஊருக்கு வந்து, எங்களோடு காரில் அருப்புக்கோட்டைக்கு வருவதாகப் பேச்சு. அதற்கு முதல் நாள் காரைக் களத்தில் நிறுத்தி, பன்னிக்குட்டிச் சத்தத்தை எப்படியாவது அடக்கிவிடுவது என்று பெரியய்யா ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கிணற்றில் மோட்டார் வைத்திருந்தவர், "பெல்ட்டு காஞ்சாலும் இப்பிடித்தான் கத்தும்" என்றார். இன்னொருவர் கரிசல் புழுதி ஏறிவிட்டது என்றார். ஒருவர் கண் பட்டிருக்கிறது என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தை நறுக்கி நான்கு சக்கரத்துக்கும் வைக்கச் சொன்னார். எலுமிச்சம்பழம் வைத்தது தப்பில்லை. அதனால் பிரேக்குக்கு ஒன்றும் கெடுதல் இல்லை.

மிளகாய் வத்தல் வாங்குவதற்காக வீரசோழனிலிருந்து வந்திருந்த பாய் ஒருவர் சாக்கின் மேல் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "பெரியவரே, பிள்ள வயித்து வலின்னு அழுதா வாயில துணிய வச்சா அடைப்பீக? என்ன ஏதுன்னு டவுன்ல கொண்டுபோயிக் காட்டுங்க" என்றார்.

"நீரு வத்தலுக்கு வெலயச் சொல்லும்யா" என்றார் பெரியய்யா.

பாய் சிரித்துக்கொண்டு வத்தலை முகர்ந்து பார்க்கப் போய்விட்டார்.

கடைசியில் பெரியய்யா எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். அச்சு காய்ந்துபோய்விட்டது. அதற்கு எண்ணெய் விட வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாட்டு வண்டி கத்திக்கொண்டு போனால், அந்த வீட்டு ஆண்பிள்ளை சோம்பேறி என்று அர்த்தம். அதனால் வைக்கோல் சாம்பலையும் ஆமணக்கெண்ணெயையும் குழைத்து, மூங்கில் குழாயில் போட்டு வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். லேசாகக் கிறீச் என்றாலும் போதும், அச்சில் அதைத் தடவிவிடுவார்கள். சத்தம் வந்தால் எண்ணெய் விடு. கரிசல் காட்டில் இதைத் தெரியாமல் ஒருவன் வளர முடியாது. வண்டி அச்சுக்கு அது சரி. உரசாமல் ஓடுவதுதான் அதன் வேலை. பிரேக்குக்கு உரசுவதுதான் வேலை. அது உரசினால்தான் வண்டி நிற்கும். களத்தில் நின்ற அத்தனை பேரில் இது அய்யாவுக்கு மட்டும் தெரியும்.

"அண்ணே, இது வேற மாதிரிண்ணே. இதுல எண்ணெ படக் கூடாதும்பாக" என்றார் அய்யா.

"யாருலே சொல்லுவா?"

"லாரியில இருக்கும்போது..."

"லாரியில என்னத்தக் கண்ட? டிரைவருக்கு வாளியில தண்ணி மோந்து குடுத்த. நான் பொறந்ததுலருந்து வண்டி கட்டுறேன். எனக்குச் சொல்ல வந்துட்டான், எண்ணெ படக் கூடாதாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அய்யாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சக்கரத்து மூடியைக் கழற்றினார். உள்ளே பிரேக்கை மூடியிருக்கிற இரும்பு டிரம்மில், அதை இறுக்குவதற்குத் திருப்புளி விடுகிற துளை ஒன்று உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதும் அவருக்கு மட்டும்தான் தெரியும். அதில் புனலை வைத்து, பெரியய்யா போதும் என்று சொல்கிறவரை ஆமணக்கெண்ணெயை ஊற்றினார். நான்கு சக்கரத்திலும் ஊற்றினார்.

களத்திலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் அடியோடு நின்றுபோயிருந்தது. கார் நிற்பதற்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. அய்யாவின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். பெரியய்யா பார்த்தது வேறு. "பாத்தியாலே, நெய்யில வழுக்குற மாதிரி போகுது" என்றார். வழுக்கத்தான் செய்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் அய்யா வாசலில் உட்கார்ந்து கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. அம்மா கேட்டதற்கு, "சூடு ஏற ஏற எண்ணெ பரவும். நாளைக்கு வண்டி நிக்காது" என்றார், ஏதோ நாளைக்கு வெயில் அடிக்கும் என்பதைப் போல.

"இத அவுககிட்டச் சொல்ல வேண்டியதுதான?" என்றாள் அம்மா.

"அத்தன பேரு இருக்கையில அண்ணன எதுத்துப் பேசச் சொல்றியா?"

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். "எய்யா, இப்ப யாரும் இல்லல்ல. போயிச் சொல்லுங்க. நாளைக்கு எல்லாரும் பஸ்ஸுலயே போயிருவோம். அவுக அம்மாவ ஏத்திக்கிட்டுப் போறது. ஏதாச்சும் ஒண்ணுன்னா எனக்குத்தான் பேச்சு வரும்."

அய்யா அவளை நிமிர்ந்து பார்த்தார். "சொல்றேன் தாயி" என்று எழுந்து பெரியய்யா வீட்டுக்குப் போனார். ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார். அக்கா வாசல்படியிலேயே காத்திருந்தாள்.

"சொன்னீகளா?"

"ம். பாத்துக்கிருவோம்னாக."

மறுநாள் காலையில் கார் வாசலில் நின்றது. நெற்றியில் சந்தனம் வேறு பூசியிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அக்காவின் தலையில் தன் கையாலேயே பூ வைத்தார். நல்ல மனுஷி என்றுதான் அன்று எல்லோருக்கும் தோன்றியது. பின்சீட்டில் அவரும் அம்மாவும் அக்காவும் உட்கார்ந்தார்கள். முன்னால் அய்யாவுக்கும் பெரியய்யாவுக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். அதனால் நடந்தது எல்லாவற்றையும் நான் பார்த்தேன்.

ஊர்த் தெருவில் கார் சத்தமில்லாமல் போனது. பெரியய்யா பின்னால் திரும்பி, "இப்ப பன்னிக்குட்டி கத்துதா தாயி?" என்று கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அய்யா சிரிக்கவில்லை. ஆட்டுக்குட்டி நடப்பதுபோலத்தான் ஓட்டினார்.

கண்மாய்க் கரை மேல் ஏறிவிட்டோம். இறக்கம் முடிகிற இடத்தில் சாலை முழுவதும் கொத்தமல்லிச் செடியைப் பரப்பியிருந்தார்கள். மாசியில் எங்கள் பக்கத்துச் சாலையெல்லாம் அப்படித்தான் கிடக்கும். போகிற வருகிற வண்டிகள் ஏறினால் மல்லி தானாக உதிரும். அதனால் கதிரடிக்க ஆள் வேண்டாம். செடிக்கு நடுவில் பெண்கள் குனிந்து கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சாலையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

அய்யா பிரேக்கை மிதித்தார். மிதிகட்டை கல் மாதிரி அப்படியே நின்றது, கார்தான் நிற்கவில்லை. சத்தமும் வரவில்லை. அய்யா சீட்டிலிருந்து எழும்பி, இரண்டு காலையும் அதன் மேல் வைத்து நின்றார். கார் வேகம்தான் எடுத்தது. கைப்பிரேக்கை இழுத்தார். அது பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், அங்கேயும் எண்ணெய். ஹாரன் அடித்தார். தினமும் ஹாரன் கேட்கிற பெண்கள் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார்கள். வண்டி செடி மேல் ஏறுவதுதானே அவர்களுக்கு வேண்டும்!

"நிப்பாட்டுலே! ஏலே, நிப்பாட்டுலே!" என்று பெரியய்யா கத்தினார்.

அய்யா காரை ஒடித்துச் சாலையை விட்டு இறக்கினார். சீமைக்கருவேலங்காட்டுக்குள் இடித்துக்கொண்டு போய், ஒரு பள்ளத்தில் முகம் குத்தி நின்றது. கண்ணாடி உடைந்து முள்ளெல்லாம் உள்ளே வந்தது. நசுங்கிய மல்லி வாசம் காருக்குள் நிறைந்திருந்தது.

சாலையில் இருந்த பெண்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்காக அய்யாவைக் கும்பிடலாம். காருக்குள் அம்மாவுக்கு முன்பல் போயிற்று. அக்காவுக்கு நெற்றி பிளந்தது. அய்யாவின் நெஞ்சில் ஸ்டியரிங் குத்தி, பேச்சு வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வலது கை முறிந்து தொங்கியது. பெரியய்யாவுக்கு வேட்டி கிழிந்தது.

பெண்கள் ஓடிவந்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மாவை வரப்பில் சாய்த்து உட்கார வைத்தார்கள். அக்கா தன் நெற்றி ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் அவருக்குத் தண்ணீர் கொண்டு போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏறையிலயே பாத்தேன். இவ எடது கால வச்சுத்தான் ஏறுனா" என்றார்.

வலியில் சொல்கிற வார்த்தைக்கு யாரைக் கோபித்துக்கொள்வது? அந்த அம்மாளை நான் மன்னித்துவிட்டேன். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கியவர்களைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அந்த வாரமே கல்யாணத் தரகர் வந்தார். பெண்ணின் ராசி சரியில்லை, வீட்டுக்குள் வருவதற்கு முன்னாலேயே மாமியார் கையை முறித்துவிட்டாள், இது வேண்டாம் என்கிறார்கள் என்றார். பட்டு எடுக்கப் போகிற வழியில் இப்படி ஆனால் யார்தான் துணிவார்கள் என்று அவரே சொல்லி, அவரே தலையை ஆட்டிக்கொண்டார். அப்போது பெரியய்யா ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். தரகரே, பெண் மேல் தப்பு ஒன்றுமில்லை, நான்தான் பிரேக்குக்கு எண்ணெய் விடச் சொன்னேன் என்று. அவர் வாய்க்கு அது பெரிய வேலை இல்லை. ஊருக்கே தீர்ப்புச் சொன்ன வாய் அது.

"அவுக சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பிள்ள சாதகத்த ஒரு தடவ நல்ல ஆளாப் பாத்துக் காட்டணும்" என்றார் பெரியய்யா.

கார் சத்தம் போட்டதற்குக் காரணம் அய்யாவின் கால். கார் நிற்காததற்குக் காரணம் அக்காவின் கால். இப்படித்தான் எங்கள் வீட்டில் கோளாறு கண்டுபிடித்தார்கள்.

அக்காவுக்கு நான்கைந்து வருடம் யாரும் பெண் கேட்டு வரவில்லை. பிறகு காரியாபட்டிப் பக்கம், மனைவியைப் பறிகொடுத்த ஒருவருக்கு, இரண்டு பிள்ளைகளோடு சேர்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்திலும் பெரியய்யாதான் முன்னால் நின்றார். ராசி கெட்ட பிள்ளைக்கு ஒரு வழி பண்ணிவிட்டேன் என்று பந்தியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கும் ஒரு இலை போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. நானும் அய்யாவின் பிள்ளைதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை. தரகர் வந்து போன சில நாட்களில், காரைக் களத்துக்கு இழுத்து வந்து போட்டிருந்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார்கள். வெற்றிலை போட்ட வாயோடு வந்த அந்த ஆளுக்கு இது யார் வீடு, என்ன கதை என்று ஒன்றும் தெரியாது. முன் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுத்தார். உள்ளேயிருந்து ஆமணக்கெண்ணெய் கொழகொழவென்று வழிந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"எந்தக் கூமுட்டடா இது? பிரேக்குக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டிருக்கான்! பெறந்த பச்சப்பிள்ளையா இது?"

அன்று எண்ணெய் ஊற்றியபோது சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். நான் பெரியய்யாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார், இப்போதாவது சொல்லித்தானே ஆக வேண்டும் என்று காத்திருந்தேன். நெஞ்சுக்கட்டோடு அய்யா களத்து ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு தட்டில் மோர் தம்ளர்களை வைத்து, எங்கள் வீட்டுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள்.

பெரியய்யா தொண்டையைச் செருமினார். அய்யா பக்கம் திரும்பினார்.

"ஏலே, இம்புட்டுக்கு ஆகும்னு உனக்குத் தெரிஞ்சுதான இருக்கும்? அன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்து அம்புட்டு நேரம் உக்காந்திருந்தியே. பந்தல் யாருக்குச் சொல்றது, ஆடு எங்க பிடிக்கிறதுன்னு எல்லாம் பேசுன. இதப் பத்தி ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொன்னியாலே?"

அய்யா தரையைப் பார்த்தார். இடுப்பிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். செய்வதையும் செய்துவிட்டு, பழியை எப்படித் திருப்புகிறார் பார் என்று பெரியய்யா மேல்தான் என் கோபம் எல்லாம் போனது. ஒரு கல்லை எடுத்து அந்தக் காரின் மிச்சக் கண்ணாடியையும் உடைத்துவிடலாமா என்று இருந்தது.

அக்கா நடந்து வந்துகொண்டிருந்தவள் அதைக் கேட்டு நின்று, அய்யாவையே ஒரு நிமிடம் பார்த்தாள். நெற்றியில் போட்டிருந்த தையல் இன்னும் ஆறவில்லை. பிறகு நேராக வந்து, மெக்கானிக்குக்கு ஒரு தம்ளரைக் கொடுத்தாள். பெரியய்யாவுக்கு, எப்போதும் கொடுப்பதுபோல, இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தாள். இவருக்குப் போய்க் கொடுக்கிறாளே என்று எனக்கு அவள் மேலும் ஆத்திரம் வந்தது. அடுத்து அய்யாவிடம் வந்தாள். அய்யா கையை நீட்டினார். அக்கா குனிந்து, தம்ளரை அவருக்கு முன்னால் புழுதியில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

அவசரத்தில் கவனிக்காமல் வைத்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். ஓடிப்போய் எடுத்தேன். தம்ளர் அடியில் ஒட்டியிருந்த மண்ணை என் டவுசரில் துடைத்து, நீட்டியபடியே இருந்த அய்யாவின் கையில் கொடுத்தேன்.

அய்யா வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. ரொம்ப நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோர் புளித்துப் போயிருக்கும் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.